காவல் கோட்டைகளும் கடற்கரைப் பூங்காவும்

மும்பையில் கோட்டை எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், சர்ச்கேட்டுக்கும் வி.டி.க்கும் இடையில் உள்ள ஃபோர்ட் வட்டாரத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே மதில்களை 1860-களிலேயே இடித்துவிட்டார்கள். பெயர்தான் பெரும்பாலும் மிச்சம். உண்மையான கோட்டைகள் நாம் குடியிருக்கும் பக்கத்திலேயே நிற்கின்றன. சயான் ஸ்டேஷனுக்கு அருகே குன்றின் மேல் ஒன்று, தாராவியில் ஒன்று, சிவ்ரியில் ஒன்று, மாகிம் கடலோரத்தில் ஒன்று. சயானில் வீடு, மாட்டுங்காவில் காய்கறி, தாராவியில் உறவினர் என்று தலைமுறைகளாக வாழும் நம்மில் எத்தனை பேர் இந்த நான்கையும் பார்த்திருப்போம்?

இவற்றை வெறும் பழங்கற்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. மும்பை தீவாக இருந்த காலத்தில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சி மாகிம் கழியோடு முடிந்தது. அதற்கு அப்பால் சால்செட் தீவு போர்ச்சுக்கீசியர் வசம். சயான் என்ற பெயரே எல்லை என்று பொருள்படும் மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. அந்த எல்லையைக் காக்க ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில், 1669-க்கும் 1677-க்கும் இடையில், சயான் கோட்டை எழும்பியது. 1680-இல் சிவ்ரிக் கோட்டை. 1689-இல் ஜஞ்சிராவின் சித்தி படை வந்திறங்கியது இந்தச் சிவ்ரியில்தான். மாகிம் வரை பிடித்துக்கொண்டு கம்பெனியாரைக் கோட்டைக்குள்ளேயே முடக்கிப் போட்டது. தாராவிக் கோட்டை 1737-இல் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டே சொல்கிறது. காலா கில்லா என்றால் நம்மவர்களுக்கு பஸ் டிப்போ நினைவுக்கு வரும். அந்தக் கறுப்புக் கோட்டை இதுதான்.

காவலும் கழியும்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரி படகில் வரும் வழி கழியும் சேற்றுநிலமும்தான். ஆகவே காவல் கோட்டைகளும் அவற்றின் ஓரத்திலேயே அமைந்தன. இன்று நகரத்தில் மிச்சமிருக்கும் அலையாத்திக் காடும் பறவைகள் மேயும் சேறும் அதே இடங்களில்தான் இருக்கின்றன. சிவ்ரிக் கோட்டை மேல் நின்றால் கீழே தெரிவது 1990-களிலிருந்து பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் சேற்றுவெளி. கட்ச் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பறவைகளும் நம்மைப் போலப் பிழைப்புத் தேடி வந்தவைதானே! கழியின் மேல்பகுதியை 2015-இல் தாணே கழிப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அது 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் சிவ்ரிச் சேறு அந்த எல்லைக்குள் வரவில்லை. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது அதன் மேலேதான் புறப்பட்டுச் செல்கிறது.

தாராவிக்கு எதிரே உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-கள் வரை அது ஊர்க் குப்பை கொட்டும் இடம். 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார். 1994-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று 37 ஏக்கரில் காடு. பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பில் குப்பைமேடு காடாகும் என்றால், கோட்டையும் கழியும் பூங்காவாவது மட்டும் நடக்காத காரியமா?

சான் பிரான்சிஸ்கோ செய்தது

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கும் துறைமுக வாயிலின் இரு கரைகளிலும் ராணுவக் கோட்டைகள், பீரங்கி மேடைகள், ஏவுகணைத் தளங்கள் என்று நெருக்கமாக இருந்தன. ராணுவம் வைத்திருந்ததாலேயே அந்த மலைகளும் கரைகளும் கட்டடம் ஏறாமல் தப்பின. ராணுவத்துக்குத் தேவை குறைந்ததும் அந்த நிலத்தின் மேல் பலர் கண் விழுந்தது. எதிர்க்கரையில் 30,000 பேருக்கான புதுநகரம் ஒன்றுக்குத் திட்டமே தயாராகியிருந்தது. ஊர்மக்கள் சங்கம் அமைத்தார்கள், மனுப் போட்டார்கள், தங்கள் பிரதிநிதி பிலிப் பர்ட்டன் மூலம் சட்டம் கொண்டுவந்தார்கள். 1972-இல் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி பிறந்தது. கோட்டை, சிறைத்தீவு, கடற்கரை, மலை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இன்று அதன் பரப்பு சுமார் 80,000 ஏக்கர்.

அதன் நடுநாயகம் பிரசிடியோ. 1776-இல் ஸ்பானியர் அமைத்த ராணுவத்தளம். பிறகு மெக்சிகோவிடம், பிறகு அமெரிக்காவிடம். 1994-இல் ராணுவம் வெளியேறியது. 1500 ஏக்கரையும் பழங்கட்டடங்களையும் பராமரிக்கப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தபோது, 1996-இல் தனி அறக்கட்டளை ஒன்றை நாடாளுமன்றமே அமைத்தது. பட்டாளத்து வீடுகளையும் அலுவலகங்களையும் வாடகைக்கு விட்டு, 2013-க்குள் அரசு மானியம் இல்லாமலே நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. அது நிறைவேறியது. பக்கத்தில் இருந்த பழைய ராணுவ விமானத்தளத்தின் சிமெண்டுத் தரையைப் பெயர்த்து, கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தை மீண்டும் உண்டாக்கினார்கள். அது 2001-இல் திறக்கப்பட்டது. பறவைகள் அழைக்காமலே திரும்பி வந்தன.

அங்கே நிலம் முழுவதும் அரசின் கையில் இருந்தது, இங்கே அப்படியில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நம்மிடம் நிலத்தைவிட அதிகமாகக் குறைவது ஒருமிப்பு. ஒரு கோட்டை மத்தியத் தொல்லியல் துறையிடம், மற்றொன்று மாநிலத் தொல்லியல் துறையிடம், அலையாத்திக் காடு வனத்துறையிடம், சிவ்ரிக் கரை துறைமுகத்தாரிடம், தெருவும் குப்பையும் மாநகராட்சியிடம். ஐந்து மாமியார் உள்ள வீட்டில் மருமகள் எந்த அடுப்பைப் பற்றவைப்பாள்?

யாருக்காகப் பூங்கா?

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் ஊரில் பூங்கா ஒரு கேடா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. கொலாபாவில் பங்களா வைத்திருப்பவருக்குப் பூங்கா தேவையில்லை. அவருக்குத் தோட்டமும் உண்டு, கிளப்பும் உண்டு. ஒற்றை அறையில் இருப்பவர்களுக்குப் பூங்காதான் கூடம், முற்றம், திண்ணை எல்லாம். பிள்ளை உரக்கப் படிக்கவும், பெரியவர் மூச்சுவிட்டு நடக்கவும், கணவனும் மனைவியும் நாலு வார்த்தை பேசவும் வேறு இடம் ஏது? மாநகராட்சி 2010-களில் எடுத்த கணக்கின்படி மும்பையில் தலைக்கு 1.24 சதுர மீட்டர் திறந்தவெளிதான். ஓர் ஆள் படுக்கும் பாயின் அளவுகூட இல்லை!

அழகுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மித்தி ஆறு பெருகிக் குர்லாவிலும் தாராவியிலும் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த ஆறு கடலில் கலக்கும் வாய்தான் மாகிம் கழி. அங்கே சேறும் அலையாத்தியும் இருந்தால் வெள்ளத்துக்குப் பரவ இடமிருக்கும். அதையும் தூர்த்துவிட்டால் தண்ணீர் நம் வாசலைத்தான் தேடி வரும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பூங்கா என்ற பெயரைச் சொல்லி ஏழைகளைத் துரத்தும் வழக்கம் நாம் அறியாததல்ல. மாகிம் கோட்டைக்குள் பல்லாண்டுகளாக வாழ்ந்த குடும்பங்களை அண்மை ஆண்டுகளில் வேறிடத்துக்கு மாற்றித்தான் சீரமைப்பு தொடங்கியது. கோட்டை காப்பாற்றப்பட வேண்டும். ஆனால் மாற்று வீடு கையில் கொடுத்த பிறகே குடிசையில் கை வைக்க வேண்டும். கோலி மீனவர்கள் கோட்டைகளுக்கும் முன்பே இந்தக் கரையில் இருந்தவர்கள். படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் இடமும் அவர்களுக்கே இருக்க வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் இயற்கைப் பூங்கா சேராது என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் காற்றோடு போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

2024-இல் திறக்கத் தொடங்கிய கடற்கரைச் சாலைக்காகக் கடலைத் தூர்த்து, அந்த நிலத்தில் சுமார் 70 ஹெக்டேர் பசுமைவெளி என்று அறிவித்தார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் கடலைத் தூர்த்துப் புல் வளர்க்கப் பணம் உண்டென்றால், இயற்கையும் வரலாறும் இலவசமாகக் கொடுத்ததைப் பராமரிக்க ஏன் இல்லை?

நாம் கேட்க வேண்டியது பெரிய காரியமல்ல. சயான் கோட்டையிலிருந்து காலா கில்லா, இயற்கைப் பூங்கா வழியாக மாகிம் கோட்டை வரை நான்கைந்து கிலோமீட்டர்தான். அதை ஒரே நடைவழியாக இணைக்கலாம். ஒவ்வொரு கோட்டையிலும் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒரு பலகை வைக்கலாம். தாராவியில் அது பொருத்தமே. சிவ்ரிச் சேற்றைப் பாதுகாப்பு எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். இவை அனைத்துக்கும் பொறுப்பேற்க ஒரே அமைப்பு வேண்டும். அதில் சுற்றுவட்டார மக்களுக்கும் மீனவர்களுக்கும் இடம் வேண்டும்.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. நல்லதே. ஆண்டில் இரண்டு ஞாயிறுகளை இதற்கும் ஒதுக்கலாம். ஒன்று, பிள்ளைகளைக் கோட்டைகளுக்கு அழைத்துப்போக. மற்றொன்று, பார்த்ததை மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கி, கார்ப்பரேஷனிலும் மந்திராலயாவிலும் கொண்டுபோய்க் கொடுக்க. வந்த ஊர், சொந்த ஊர் இல்லையே என்று இன்னும் எத்தனை நாள் ஒதுங்கி நிற்பது? தாராவிச் சதுப்பில் குடியேறித் தோல் பதனிட்டுத் தொழில் வளர்த்தவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. அந்த மண்ணின் கோட்டைக்காகவும் கழிக்காகவும் பேச நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.