யாரையும் கேட்காமல் ஊருக்குப் போவது

கோடைக்காலச் சிறப்பு ரயில்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். கடலூர் மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எழுபதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார். வீட்டில் தரைவழி டெலிபோன் மட்டும் உண்டு. திருநெல்வேலியில் தங்கை வீட்டுக்காரர் தவறிப்போன செய்தி வந்திருக்கிறது. காரியத்துக்காவது போய்ச் சேரலாம் என்று, ஸ்லீப்பர் தட்கல் தொடங்கும் பதினோரு மணிக்கு வெகுநேரம் முன்பே முன்பதிவு கவுண்டர் வரிசையில் போய் நின்றிருக்கிறார். படிவத்தில் வீட்டு டெலிபோன் எண்ணை எழுதியிருந்தார். "செல் நம்பர் சொல்லுங்கம்மா, ஓடிபி வரும்" என்று கேட்டிருக்கிறார்கள். செல் இல்லை என்றதும் வேலை நின்றுவிட்டது. பின்னால் நின்ற ஒரு பையன், "என் நம்பரப் போட்டுக்குங்க சார்" என்று முன்வந்து, தன் போனுக்கு வந்த எண்ணைப் படித்துச் சொன்ன பிறகுதான் டிக்கெட் கைக்கு வந்திருக்கிறது.

"கவுண்டரில் இருந்த பிள்ளை மேல் குறை இல்லை, தம்பி. விதியைத்தான் சொன்னார். அந்தப் பையனும் நன்றாக இருக்கட்டும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருஷா வருஷம் ரயிலேற்றி ஊர் சுற்றிக் காட்டியவள் நான். என் தங்கை வீட்டுக்கு நான் போக, முன்பின் தெரியாத ஒருவருடைய போன் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே" என்று எழுதியிருக்கிறார்.

அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ரயில் ரத்தானாலும் பெட்டி மாறினாலும் தகவல் அந்தப் பையனுக்குத்தான் போகும்.

ஏஜெண்டுகளும் கள்ள சாஃப்ட்வேர்களும் தட்கல் இடங்களை நிமிஷத்தில் அள்ளிக்கொண்டு போனது உண்மை. அதைத் தடுக்கத்தான் 2025 ஜூலை 1 முதல் ஐஆர்சிடிசியில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். கவுண்டரிலும் அதே ஜூலையிலிருந்து ஓடிபி என்று அறிவித்து, பிறகு படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நோக்கத்தில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ஒரு மனுஷி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் வந்து நிற்கிறார். அவர் யாரென்று சொல்ல அந்த அட்டை போதாது, போனில் வரும் எண்தான் வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஓடிபிக்கு ஸ்மார்ட்போன் எதற்கு, பட்டன் போன் போதுமே என்று கேட்பார்கள். விஷயம் ஓடிபியோடு நின்றிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். சொந்தக் காரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். ஐரோப்பாவில் ரயன்ஏர் விமான நிறுவனம் 2025 நவம்பரில் காகித போர்டிங் பாஸையே நிறுத்தி எல்லாவற்றையும் ஆப்புக்குள் கொண்டுபோய்விட்டது. நம் ரயில்வே தன் ஆப்பின் வாலெட்டில் பணம் போடுகிறவர்களுக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது. அதே ரயில்வே ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று கொடுத்துவந்த மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச் 20 அன்று நிறுத்தியது. கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். சலுகை திரும்பும்வரை எழுதுவேன். வயதுக்குக் கொடுத்ததைப் பறித்துக்கொண்டு போனுக்குக் கொடுப்பது அநியாயம்.

போனால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க முடியாதவர்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி டிக்கெட் எடுக்கிறார்கள். வண்டி எந்த ஊரைத் தாண்டிவிட்டது என்று பார்த்துக்கொண்டு நிதானமாக வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாதவருக்கும் முடியாதவருக்கும் வழியை மூடாமல் இருந்தால் போதும்.

மூடிய வழிகளில் ஒன்று, பெட்டி வாசலில் ஒட்டியிருந்த சார்ட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்து தன் பெயரைக் கண்டுபிடிக்கிற பெரியவர்களை அப்போது எந்த பிளாட்பாரத்திலும் பார்க்க முடிந்தது. பெயர் இருந்தால் ஏற வேண்டியதுதான், யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சென்னை சென்ட்ரல் போன்ற சில பெரிய நிலையங்களில் முதலில் நிறுத்திப் பார்த்தார்கள். 2018 மார்ச் 1 முதல் ஏ1, ஏ, பி வகை நிலையங்கள் எல்லாவற்றிலும் ஆறு மாதச் சோதனை என்றார்கள். சோதனைக் காலம் முடிந்த பிறகும் தாள் பெட்டி வாசலுக்குத் திரும்பி வரவில்லை. பெயரும் வயதும் ஊர் பார்க்க ஒட்டப்பட்டிருப்பதைப் பெண்கள் பலர் விரும்பவில்லை என்பது நியாயமான காரணம். அதற்குப் பெயரை எடுத்துவிட்டு பிஎன்ஆர் எண்ணையும் பெர்த் எண்ணையும் மட்டும் ஒட்டியிருக்கலாம்.

இனி நான் எங்கே போவேன் என்று இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில்வே கால அட்டவணைக்குத்தான். என்னிடம் உள்ள புத்தகங்களில் நான் அதிகம் புரட்டியவை எவை என்று கேட்டால், தெற்கு ரயில்வேயின் பழைய டைம் டேபிள்களைத்தான் சொல்வேன். அவற்றை எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் திருவாரூர் அத்தை. அவரைப் பற்றி முன்பு எழுதியபோது அவருடைய கைமணத்தைத்தான் எழுதினேன். அவருடைய படிப்பை எழுதவில்லை.

அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். மாமா போன பிறகு, தென்காசியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கத் தனியாகப் போய்வர வேண்டியிருந்தது. யாரையாவது துணைக்குக் கூப்பிட்டால் அவருக்கு லீவு இருக்க வேண்டும், மனசும் இருக்க வேண்டும். அத்தை ஸ்டேஷன் புத்தகக் கடையில் டைம் டேபிள் வாங்கினார். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஊர்ப் பெயர்களைப் படித்தார். பதினான்கு என்றால் மதியம் இரண்டு, இருபத்திரண்டு என்றால் ராத்திரி பத்து என்று பழகிக்கொண்டார். பக்கத்தின் நடுவில் ஊர்ப் பெயர்கள். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால் போகும் வண்டி, மறுபக்கத்தைக் கீழிருந்து மேலே படித்தால் திரும்பும் வண்டி. இதைப் பிடித்துக்கொள்ள எனக்கு நாளானது. அத்தை ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொண்டதாக வீட்டில் சொல்வார்கள்.

திருவாரூரிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, மதுரை, விருதுநகர். விருதுநகரில் மாறினால் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி. அத்தைக்கு இந்த வரிசை மனப்பாடம். எந்த வண்டி திருச்சிக்கு எத்தனை மணிக்கு வரும், அங்கிருந்து மதுரைப் பக்கம் அடுத்த வண்டி எப்போது, முதல் வண்டி அரை மணி நேரம் தாமதமானாலும் இணைப்பு கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அடுத்த வண்டி எது என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்புவார். வண்டி தவறினால் பதற மாட்டார். இரண்டாவது வழியும் அதே தாளில் இருக்கும்.

கொஞ்ச காலத்தில் தெருவே அத்தையிடம் வந்து கேட்க ஆரம்பித்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள், இண்டர்வியூவுக்குப் போகிற பையன்கள் என்று யார் வந்தாலும், அத்தை திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து வழி சொல்வார். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்காத, பேருக்குப் பின்னால் பட்டம் இல்லாத ஒரு விதவைப் பெண்மணிக்கு அந்த ஊரில் கிடைத்த மரியாதையில் பாதி அந்தப் புத்தகத்தால் வந்தது.

டைம் டேபிள் வெறும் மணிக்கணக்கு அல்ல. ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர், எந்தக் கிழமை வண்டி இல்லை, டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், யார் யாருக்கு என்ன சலுகை எல்லாம் அதில் இருந்தன. பழைய பிரதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டு ரயில்பாதைகளின் கதையும் தெரியும். மதுரை - போடி பாதை 2010 முடிவில் மீட்டர் கேஜ் நின்றதும் ரயிலில்லாமல் கிடந்தது. 2022இல் தேனி வரைக்கும், 2023இல் போடி வரைக்கும் மறுபடி வண்டி வந்தது. அத்தை ஊர்ப்பக்கத்துத் திருவாரூர் - காரைக்குடி பாதையும் இப்படிச் சில வருஷம் ரயிலில்லாமல் கிடந்து 2019இல்தான் அகலப்பாதையாகத் திரும்பியது. வண்டி நின்றால் எந்த ஊர்களெல்லாம் துண்டிக்கப்படுகின்றன என்பதை ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம். போனில் அப்படிப் பார்க்க முடிவதில்லை. இங்கிருந்து அங்கே என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வரும்.

எனக்கு உறுத்துவது அதைவிடப் பெரிது. அந்தப் புத்தகம் அத்தையிடம் எதையும் கேட்கவில்லை. பெயர், எண், பாஸ்வேர்ட் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை வாங்கினால் அடுத்த புத்தகம் வரும்வரை அவருடையது. அறிவு அவரிடம் இருந்தது. மற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். இன்று அதே வயதுப் பெண்கள் பேரனைக் கெஞ்சுகிறார்கள். "கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா, திருநெல்வேலிக்கு வண்டி இருக்கா?" பேரன் நல்லவனாக இருந்தாலும் அவனுக்கு நேரம் வேண்டும். பல முறை கேட்டால் கேட்கிறவருக்கே கூச்சம் வந்துவிடுகிறது. கூச்சம் வந்ததும் பயணம் நின்றுவிடுகிறது. நமக்குத் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் "அலைச்சல் எதற்கு" என்று சொல்லி வீட்டோடு இருக்கிறார்கள்! அவர்களில் சிலருக்கு அலைச்சல் காரணமில்லை, கேட்க வேண்டியிருப்பதுதான் காரணம். ஊருக்கே வழி சொன்ன ஒரு தலைமுறையை, தன் பயணத்துக்கே வழி கேட்டு நிற்கிற தலைமுறையாக நாம் மாற்றியிருக்கிறோம்.

இந்தியா முழுவதற்குமான 'டிரெயின்ஸ் அட் எ கிளான்ஸ்' இப்போது இணையத்தில் மின்நூலாக வருகிறது. நான் கேட்டுப் பார்த்த ஸ்டேஷன் புத்தகக் கடைகளில் அச்சுப் பிரதி இல்லை. "யாரும் கேட்பதில்லை சார்" என்கிறார்கள். கேட்பார்கள். 1873 முதல் வந்துகொண்டிருந்த தாமஸ் குக் ஐரோப்பிய ரயில் அட்டவணையை 2013இல் அந்த நிறுவனம் நிறுத்தியபோதும் இனி யாருக்கு வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். அதைத் தயாரித்துவந்தவர்களே 2014இல் தனியாக மறுபடி அச்சிட்டார்கள். வாங்க ஆள் இருந்தது.

காகிதத்தால் முடியாது என்று சொல்கிறவர்கள் சென்னை மாநகரப் பேருந்தைப் பார்க்கட்டும். அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் கொடுக்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் வாங்கிக்கொண்டு, கண்டக்டரிடம் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஏறுகிறார்கள். போன் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2023இல் இங்கிலாந்தின் ரயில் டிக்கெட் அலுவலகங்களில் பெரும்பாலானவற்றை மூடத் திட்டமிட்டார்கள். எல்லாரும் ஆப்பிலும் மெஷினிலும்தான் வாங்குகிறார்கள் என்பதுதான் அங்கும் சொன்ன காரணம். சுமார் ஏழரை லட்சம் பேர் கருத்து அனுப்பினார்கள். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் விடாமல் எழுதினார்கள். அக்டோபர் 31 அன்று திட்டம் கைவிடப்பட்டது. ஸ்பெயினில் வங்கிகள் எல்லாவற்றையும் போனுக்கு மாற்றியபோது, கார்லோஸ் சான் ஹுவான் என்ற 78 வயது ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் ஆறு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார். 2022இல் வங்கிகள் கவுண்டர் நேரத்தை நீட்டிக்க ஒப்புக்கொண்டன.

நாம் கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. அறுபது வயது கடந்தவர் அடையாள அட்டையோடு கவுண்டருக்கு நேரில் வந்தால் ஓடிபி இல்லாமல் தட்கல் தர வேண்டும். பெயரில்லாத சார்ட்டைப் பெட்டி வாசலில் ஒட்ட வேண்டும். தெற்கு ரயில்வே கால அட்டவணையைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு எல்லா ஸ்டேஷனிலும் விற்க வேண்டும். நிறுத்திய சலுகையைத் திருப்பித் தர வேண்டும்.

கடலூர் மாவட்டத்து டீச்சருக்கு நான் பதில் எழுதிவிட்டேன். நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். விலை ஐம்பது காசுதான். உங்கள் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்தை அவரையே போடச் சொல்லுங்கள். முகவரி: பொது மேலாளர், தெற்கு ரயில்வே, பார்க் டவுன், சென்னை 600 003.