கூரை இடிந்தால் கட்டலாம்; பாட்டு மறைந்தால்?

2025 மார்ச் மாதத்தில் எட்டயபுரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. மகாகவி பாரதி பிறந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது என்பதே அந்தச் செய்தி. அது யாரோ ஒரு தனியாருக்குச் சொந்தமான பாழடைந்த வீடு அல்ல; சர்க்கார் பொறுப்பில் நினைவு இல்லமாக இருந்துவரும் வீடு. டிசம்பர் 11 வந்தால் மாலைகளும் மேடைகளும் அங்கே தேடி வருகின்றன. மாலை போடுகிறவர்களின் கண்கள் சிலையைப் பார்க்கின்றன. படம் பிடிப்பவரைப் பார்க்கின்றன. உத்தரத்தை அண்ணாந்து பார்க்கத்தான் ஆள் இல்லை!

செய்தி வந்த மறுநாள் தேவாரம் டீக்கடையில் மூத்த தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “அண்ணே, நாம போய்ப் பார்த்துட்டு வந்தோமே, அந்த வீடா இடிஞ்சுபோச்சு?” தம் சொந்த வீட்டுச் சுவர் சரிந்ததைப் போல இருந்தது அவர் குரல். அவர் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். பாரதியைப் பற்றி மேடையில் பேசியவர் அல்ல. புத்தகம் எழுதியவரும் அல்ல. ஆயினும் அந்த வீட்டைத் தம்முடைய வீடு என்று எண்ணுகிறார். அவர் எண்ணுவது சரியா, தவறா? சரியே என்பது நமது கட்சி. ஏன் சரி என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

தோட்டம் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது அந்தப் பிரயாணம். தேவாரத்திலும் சுற்று ஊர்களிலும் உள்ள தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வேன் பிடித்தார்கள். நமது ஊர்த் தொழிலாளி விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்புகிறவன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது உடம்பு வலி தீர்க்கும் நாள். அந்த ஒரு நாளையும் ஒரு கவிஞனின் வீட்டைப் பார்ப்பதற்காகக் கொடுத்தார்கள் என்றால் அது சிறிய காரியமா?

மதுரையில் சேதுபதி பள்ளிக்கூடத்தின் முன்னால் வேனை நிறுத்தினோம். 1904-இல் பாரதி ஏறத்தாழ மூன்று மாத காலம் தமிழாசிரியராக வேலை பார்த்த பள்ளி அது. அதுவும் தற்காலிக வேலைதான். “நம்மைப் போல டெம்ப்ரவரியா!” என்றார் ஓர் இளந்தோழர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பிலே ஓர் உறவு பிறந்துவிட்டது.

அருப்புக்கோட்டையைத் தாண்டினால் கரிசல் பூமி. பருத்தி விளையும் மண். பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் அந்தப் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஆலை ஒன்றை நிறுவ முயன்று நொடித்துப் போனவர். வெள்ளைக்கார முதலாளிகளின் போட்டிக்கு முன்னால் உள்ளூர்க்காரரின் சிறு முதல் நிற்கவில்லை. அந்தத் துயரத்திலேயே 1898-இல் அவர் மறைந்தார். ஏகாதிபத்தியம் என்னவென்று பாரதி புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டார்.

வீட்டுக்குள் சென்றோம். தெருவோடு ஒட்டிய எளிய வீடு. கவிஞர் பிறந்த இடத்தில் சிலை, சுவர்களில் படங்கள். தோழர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதைப் போல மெதுவாக நடந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்த பிறகு ஒருவர் கேட்டார்: “பெரிய எழுத்தாளருக வீடுன்னா தோட்டம் துரவெல்லாம் இருக்கும்பாங்களே, இங்க தோட்டம் எங்க?”

நல்ல கேள்வி! தேவாரத்திலும் போடியிலும் தோட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. மலையின் மேலே முதலாளிக்குச் சொந்தமாக இருப்பது தோட்டம். அதில் காய் எடுப்பவன் கூலி. பாரதிக்கும் சொந்தத் தோட்டம் கிடையாது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அகதியாக வாழ்ந்த காலத்தில் அவர் குடியிருந்தவை வாடகை வீடுகள். வாடகைக்காக அவரை நெருக்காமல் இருந்த வீட்டுக்காரரை ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என்று சரித்திரம் இன்றும் நன்றியோடு சொல்கிறது. குயில் பாட்டுப் பிறந்ததாகச் சொல்லப்படும் முத்தியாலுப்பேட்டை மாந்தோப்பும் இன்னொரு நண்பருடையது. கடைசிக் காலத்தில் குடியிருந்த திருவல்லிக்கேணி வீடும் வாடகை வீடே. அதைச் சர்க்கார் வாங்கி நினைவு இல்லம் ஆக்கியது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு!

அடுத்தவன் தோப்பில் நின்றுகொண்டு உலகத்துக்கெல்லாம் பாடியவன் பாரதி. அடுத்தவன் தோட்டத்தில் வேலை செய்து உலகத்துக்கெல்லாம் ஏலம் மணக்கச் செய்கிறவன் நமது தொழிலாளி. இந்த இருவருக்கும் உறவு உண்டா, இல்லையா?

யார் கட்டியது?

வீட்டிலிருந்து மணிமண்டபத்துக்குப் போனோம். மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்த மண்டபத்தின் கதையைத் தோழர்களுக்குச் சொன்னோம். 1945-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947 அக்டோபரில் ராஜாஜியால் திறந்து வைக்கப்பட்ட மண்டபம் அது. கல்கி பத்திரிகையின் வேண்டுகோளை ஏற்றுத் தமிழ் மக்கள் அனுப்பிய நன்கொடைகளால் எழுந்தது. அந்தத் திறப்பு விழாவிலே கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன் தோழர் ஜீவா ஆற்றிய சொற்பொழிவு தமிழ்நாட்டின் நினைவில் நிலைத்துவிட்டது.

அந்த நாட்களில் பாரதி பாடல்களின் உரிமை தனியார் கைகளில் இருந்தது. பாரதி மக்களின் சொத்து, தனியுடைமை கூடாது என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை சர்க்கார் அந்த உரிமையைப் பெற்றது. 1955-இல் பாடல்கள் மக்களுக்கே பொதுவாக்கப்பட்டன. இன்று தேவாரத்தில் ஒரு சிறுவன் பாரதி பாட்டைப் பாடினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது வானத்திலிருந்து விழுந்த வரம் அல்ல. மக்கள் கேட்டுப் பெற்றது.

ஆகவேதான் சொல்கிறோம்: மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் மக்கள்; பாட்டின் உரிமைக்குக் குரல் கொடுத்தவர்கள் மக்கள்; வீட்டைப் பராமரிக்கும் சர்க்கார் கஜானாவை நிரப்புகிறவர்களும் மக்கள். தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கொடுக்கிற கூலித் தொழிலாளிக்கு அந்தக் கூரையில் பங்கு உண்டு. கூரை இடிந்தபோது அந்த மூத்த தோழர் துடித்தது நியாயமே.

வேறொரு நாட்டுக் கதையையும் இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம். ருஷ்யாவில் டால்ஸ்டாய் வாழ்ந்த யாஸ்னயா பொல்யானா என்னும் பண்ணையை, ஆப்பிள் தோட்டமும் மரச்சாலைகளும் உள்ள அந்த இடத்தை, சோவியத் ஆட்சி 1921-இல் மக்களுக்கான காட்சிசாலையாக ஆக்கியது. 1941-இல் ஹிட்லர் படை அங்கே புகுந்தது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் அட்டூழியம் செய்துவிட்டுப் பின்வாங்கும்போது வீட்டுக்குத் தீ வைத்தது. அங்கிருந்த ஊழியர்களும் ஊர் மக்களும் ஓடி வந்து தீயை அணைத்தார்கள். அருமையான பொருள்களை முன்னதாகவே தூர தேசத்துக்கு அனுப்பிக் காப்பாற்றியிருந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1942-இல், வீட்டைச் செப்பனிட்டு மீண்டும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்!

அங்கே பகைவன் வைத்த தீயிலிருந்து மக்கள் வீட்டைக் காத்தார்கள். இங்கே பகைவன் இல்லை, தீ இல்லை, குண்டு இல்லை. கூரை தானாகவே விழுந்தது. இதற்கு யார் பதில் சொல்வது?

கூலிக்காரனுக்குக் கவிதை எதற்கு?

சிலர் கேட்கலாம்: “கூலி உயர்வு, ஜீப் விபத்து, மருத்துவ வசதி என்று ஆயிரம் பிரச்னைகள் இருக்கும்போது கவிஞன் வீட்டுக் கூரைக்காக அழுவதா?”

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பாரதியின் கரும்புத் தோட்டப் பாடலை ஒருமுறை படிக்கட்டும். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நமது பெண்களின் கண்ணீரைக் கண்டு எழுதிய பாட்டு அது. பாரதி பிஜித் தீவைப் பார்த்தவர் அல்லர். ஆனாலும் அந்தப் பெண்களின் விம்மலைக் கேட்டார். மலையேறும் நமது பெண்களுக்கு அந்தப் பாட்டை விளக்கவே வேண்டியதில்லை; தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். கூலிப் போராட்டமும் பாட்டும் எதிரிகள் அல்ல. பாட்டு இல்லாத போராட்டம் ஊமை. போராட்டம் இல்லாத பாட்டு அலங்காரம்.

கவிஞன் இறந்த பின் மண்டபம், இருக்கும்போது பட்டினி என்பது நமது நாட்டின் பழைய வழக்கம். 1919-இல் பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டார், பயன் கிட்டவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. உதவி கேட்டவன் பெயர் நிற்கிறது!

இந்த வழக்கத்தை மாற்றும் ஒரு முயற்சியாக, விருது பெற்ற எழுத்தாளர்களுக்கு வாழும் காலத்திலேயே வீடு வழங்கும் ‘கனவு இல்லம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அதை நாம் வரவேற்றோம். ஆனால் விருதுப் பட்டியலுக்குள் வராதவர்கள் கதி என்ன? தெருமுனையில் நின்று பாடியவர்கள் கதி என்ன?

நமது வாசலில் ஒரு கவிஞர்

எட்டயபுரத்திலிருந்து திரும்பி வரும்போது வேனில் இந்தப் பேச்சுத்தான். அப்போது அந்த மூத்த தோழர் சொன்ன ஒரு வார்த்தை நம்மைச் சுட்டது: “இம்புட்டுத் தூரம் போய்ப் பார்த்துட்டோம். பக்கத்துப் பண்ணைப்புரத்துப் பாவலருக்கு நாம என்ன செஞ்சோம்?”

பாவலர் வரதராசன்! தேவாரத்துக்குப் பக்கத்துப் பண்ணைப்புரம் தந்த பாட்டாளிக் கவிஞர். ஆர்மோனியமும் கையுமாக ஊர் ஊராகச் சென்று செங்கொடி மேடைகளில் பாடியவர். 1958-இல் கேரளத்தில் தோழர் இ. எம். எஸ். மந்திரிசபைக்குச் சோதனையாக வந்தது தேவிகுளம் இடைத்தேர்தல். அந்தத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாவலரின் பாட்டு முழங்கியது. தோழர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அண்ணனோடு மேடையேறிய தம்பி ராசையாவை இன்று உலகம் இளையராஜா என்று கொண்டாடுகிறது. தம்பியின் இசை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் என்றென்றும் ஒலிக்கும். அதற்குக் காவல் வேண்டியதில்லை. அண்ணன் பாட்டுக்கு யார் காவல்?

அச்சில் வந்த பாட்டுகள் பிழைக்கும். அன்றன்று ஊருக்கு ஏற்றபடி, கூட்டத்துக்கு ஏற்றபடி மேடையிலேயே கட்டிப் பாடிய வரிகள், கேட்டவர்களின் நெஞ்சில்தான் தங்கும். அப்படிக் கேட்டவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. எட்டயபுரத்துக் கூரையைக் கொத்தனாரை வைத்துக் கட்டிவிடலாம். ஒரு பெரியவர் கண்ணை மூடும்போது அவரோடு போகும் பாட்டை எந்தக் கொத்தனார் கட்டித் தருவார்?

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

சர்க்கார், எழுத்தாளர் நினைவு இல்லங்கள் அனைத்தையும் ஆண்டுதோறும் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். சோதனை அறிக்கையையும் செலவுக் கணக்கையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பராமரிப்பில் உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இடம் தர வேண்டும். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிகள் இந்த இடங்களுக்குச் செலவின்றி அழைத்துச் செல்ல வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குவது நமது உரிமை.

நம் கடமை ஒன்றும் உண்டு. அதற்கு எந்த சர்க்காரின் உத்தரவும் தேவையில்லை. தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, போடி, உத்தமபாளையம் கிளைத் தோழர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் உள்ள மூத்த தோழர்களின் திண்ணைக்குச் செல்லுங்கள். “பாவலர் பாடக் கேட்டீர்களா? நினைவிருக்கிற வரியைப் பாடுங்கள்” என்று கேளுங்கள். கையிலிருக்கும் செல்போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில் கேட்டார் என்பதை நோட்டில் எழுதுங்கள். பாதி வரியானாலும் விட்டுவிடாதீர்கள். இன்னொரு ஊரில் மறு பாதி கிடைக்கும்.

அந்த நோட்டு நிரம்பட்டும். பிறகு பண்ணைப்புரத்தில் கல் நடுவோம். முதலில் பாட்டு, பிறகு மண்டபம்!