தோள் பொருந்தினாற் போதுமா?

பள்ளி மைதானத்தில் சடுகுடு ஆடும் மாணவன் விழுகிறான், தோள்மூட்டு நழுவிவிடுகிறது. அருகிலிருப்பவர் கையைப் பற்றி இழுக்கிறார். மூட்டு உள்ளே சென்றதும் அனைவரும் ஆறுதல் கொள்கின்றனர். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1956-ல் நிறுவப்பட்ட தில்லியிலேயே, மல்லர் மரபினர் எலும்பு பொருத்தும் தொழிலைப் பழைய நகரில் இன்றும் நடத்தி வருகின்றனர். அவர்தம் கைத்திறனை இகழ்வது நம் நோக்கமன்று. எலும்பு பொருந்தியதே சிகிச்சையின் முடிவு என்னும் எண்ணம், யாரிடம் காணப்படினும், பிழையானது என்பதே நம் கருத்து.

தோள் நழுவுங்கால் மேற்கை எலும்பின் தலை பெரும்பாலும் முன்புறமாக அக்குளை நோக்கி இடம் பெயர்கிறது. அவ்வெலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்லும் அக்குள் நரம்பு அப்போது இழுபடுகிறது. தோளின் வெளிப்புறம் மரத்துப்போவதும், பின்னர்க் கையைப் பக்கவாட்டில் உயர்த்த இயலாமையும் இதன் அறிகுறிகள். இத்தகைய ஊறுகளிற் பெரும்பாலானவை சில மாதங்களில் தாமே நீங்கும். மூன்று மாதங்களாகியும் முன்னேற்றம் தோன்றாவிடில் நிபுணரை நாடவேண்டும். காலம் கடந்தால் தசை மெலிந்து, அறுவையின் பயனும் குறையும்.

இரத்தக் குழாய் சிதைவது அரிது. ஆயின் மிகக் கொடியது. தமனிகள் இறுகிய முதியோரே இதற்கு எளிதில் ஆளாவர். கை வெளிறிக் குளிர்தலும், அக்குளில் வீக்கம் பெருகுதலும் அபாயக் குறிகள். கிளைக் குழாய்கள் வழியே இரத்தம் பாய்வதால் மணிக்கட்டில் நாடி துடிக்கவுங்கூடும். அது கண்டு ஏமாறலாகாது. இரத்தவோட்டம் அறவே நின்ற கையைக் காக்கக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரமே.

ஆதலின் களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கது யாது? கையை இழுக்கலாகாது, இருந்த நிலையிலேயே துணித்தொட்டிலிட்டுத் தாங்குக. தோளின் வெளிப்புறத்தில் தொட்டு உணர்ச்சியை அறிக. விரல்களையும் மணிக்கட்டையும் அசைக்கச் சொல்லுக. நாடியையும் கையின் வெம்மையையும் மறுகையுடன் ஒப்பிடுக. கண்டதை நேரத்துடன் ஒரு சீட்டில் எழுதி, நோயாளியுடன் மருத்துவமனைக்கு அனுப்புக. மூட்டைப் பொருத்திய பின்னரும் இச்சோதனைகள் மீண்டும் நடைபெற வேண்டும். முன்னர் எழுதிய குறிப்பு இல்லையேல், ஊறு விழுந்ததால் நேர்ந்ததா, இழுத்ததால் நேர்ந்ததா என்பதை எவரே துணிந்து கூற இயலும்?

இதற்குக் கருவியோ பெருஞ்செலவோ வேண்டா. இரண்டு நிமிடங்களும் ஒரு துண்டுத் தாளும் போதும். முதலுதவி கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இப்பழக்கம் இடம்பெறுதல் வேண்டும்.