மோட்டார் கொட்டகையில் டெபியன் ஓடுமா?

மடுகரையில் கரும்பும் மணிலாவும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாலிடெக்னிக் படிக்கும் அவருடைய மகன் 'ராஸ்பெர்ரி பை ஜீரோ' என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வாங்கி வந்திருக்கிறான். லேப்டாப்பில் ஓடும் டெபியன் லினக்ஸையே இதிலும் போட்டு, போர்வெல் மோட்டாரை நேரம் வைத்து ஓட்டலாம் என்கிறான். டெபியன் போட்டால் போர்டு எழவே இல்லை. வேறொரு லினக்ஸில் எழுந்தது. ஆனால், மூன்று முறை கரண்ட் போனதில் மெமரி கார்டு கெட்டுவிட்டது. போர்டை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா?

வைத்துக்கொள்ளலாம். போர்டில் பழுதில்லை. ஜீரோவில் இருப்பது 2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையின் அதே தலைமுறை சிப். ஏ.ஆர்.எம். 6-ம் பதிப்புக் கட்டளைகள்தான் அதற்குப் புரியும். டெபியனின் 'ஆர்ம்ஹெச்எஃப்' வகையோ 7-ம் பதிப்புக்காகத் தயாரானது. ஒரே கம்பெனி டிராக்டர்தான், ஆனால் புது மாடலின் பிஸ்டன் பழைய இன்ஜினில் உட்காராது. இதற்காகவே 2012-ல் டெபியனின் தொகுப்புகளை எல்லாம் 6-ம் பதிப்புக்கு மறுபடி கட்டி 'ராஸ்பியன்' என்று கொடுத்தார்கள். இப்போது அதன் வழியில் வருவது ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். அதில் 32 பிட், 'லைட்' வகையைத்தான் போட வேண்டும். மெமரி 512 எம்.பி.தான், படம் காட்டும் டெஸ்க்டாப்பைப் போட்டால் சேற்றில் மாட்டிய வண்டி மாதிரிதான் நகரும்.

அடுத்தது கார்டு. லினக்ஸ் சும்மா இருக்கும்போதும் ஏதாவது குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நொடியில் கரண்ட் போனால் கார்டுக்குள் இருக்கும் கணக்கே குழம்பிவிடும். 'ராஸ்பி-கான்ஃபிக்' மெனுவில் 'ஓவர்லே' என்ற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் எழுதுவதெல்லாம் மெமரியோடு போய்விடும், கார்டைத் தொடாது. எத்தனை மணி நேரம் தண்ணீர் பாய்ந்தது என்பது போன்ற கணக்குகளைத் தனி பென் டிரைவில் எழுத வைக்கலாம்.

ஆனால், இந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜீரோவில் கடிகாரம் கிடையாது. கடைசியாக எத்தனை மணி என்று கார்டில் எழுதி வைத்து, எழும்போது அங்கிருந்து தொடரும். இன்டர்நெட் கிடைத்தால் சரியான நேரத்துக்கு மாறிவிடும். கிடைக்காவிட்டால், நான்கு மணி நேரம் கரண்ட் போயிருந்தாலும் அதற்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு என்று வைத்த மோட்டார் பின்னிரவு இரண்டு மணிக்கு ஓடும். ஓவர்லே போட்ட பிறகு நேரத்தையும் கார்டில் எழுத முடியாது. அப்போது கடிகாரம் ஓவர்லே போட்ட நாளுக்கே திரும்பிவிடும்! ஆகவே பட்டன் பேட்டரி வைத்த 'டி.எஸ். 3231' கடிகாரத் துண்டு ஒன்றைச் சேர்க்காமல் ஓவர்லே போடக் கூடாது.

இத்தனையும் செய்த பிறகும் மோட்டாரை நேரடியாக இதன் கையில் கொடுப்பது சரியில்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. இருந்தவை சாதாரண கம்ப்யூட்டர்கள்தான். கரண்டை நம்ப முடியாததால் சூரிய மின்சாரமும் சேர்த்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் சேதி சொன்னது, படகை இறக்குவதா என்பதை மீனவர் முடிவு செய்தார். மோட்டார் கொட்டகையிலும் வேலையை அப்படிப் பிரிக்கலாம்.

முழு லினக்ஸ் எழுந்து நிற்கச் சில நேரம் ஒரு நிமிடம்கூட ஆகும். அதுவரை ரிலேவுக்குப் போகும் கம்பியில் என்ன இருக்கும் என்று உறுதி இல்லை. சில மலிவு ரிலேக்கள் அந்த நேரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமாக அது அமைந்தால் காயில் கருகிவிடும். மோட்டாரை ஏற்றி இறக்கிக் காயில் கட்டும் செலவுக்கு முன்னால் போர்டு விலை ஒன்றுமே இல்லை.

எனவே ரிலேவை 'ஆர்டுயினோ யூனோ' போன்ற போர்டிடம் விட வேண்டும். அதன் மெமரி வெறும் 2 கே.பி.; ஓ.எஸ். எதுவும் கிடையாது. கரண்ட் வந்து ஓரிரு நொடியில் வேலைக்கு நிற்கும், ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டும். ரிலே கம்பியில் தனி ரெசிஸ்டர் வைத்துவிட்டால் அந்த நொடியிலும் ரிலே ஒட்டாது. 'ஓட்டு' என்று ஜீரோ அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் சேதி வராவிட்டால் யூனோ மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மகன் எழுதும் புரோகிராமில் இந்தச் சில வரிகள்தான் முக்கியம். கணக்கு எழுதுவது, போனுக்கு மெசேஜ் அனுப்புவது, மண் ஈரம் பார்ப்பது எல்லாம் ஜீரோவின் வேலை.

ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே, ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பிரிவென்ட்டர், தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் கருவி ஆகியவற்றைக் கழற்றவே கூடாது. புது ரிலே இவற்றோடு தொடராக இருக்க வேண்டும், இவற்றைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. இந்த இணைப்பைப் படிக்கும் பையனிடம் விடாமல் எலக்ட்ரீஷியனை வைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டும். எல்லாம் ஓடியதும் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகல் எடுத்து, வீட்டில் ஈரம் படாத டப்பாவில் போட்டு வைக்கலாம்.