வேக கேமராவில் சிக்கினால் என்ன நடக்கும்? ஓட்டியவர் யாரோ... அபராதம் ஓனருக்கு!

சென்னை:

ரோடு காலியாக கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை போலீஸ் இல்லை. இதுதான் சமயம் என்று வண்டியை விரட்டுகிறார்கள். சில நாள் கழித்து செல்போனுக்கு ஒரு மெசேஜ். திறந்து பார்த்தால் அபராதம்!

போலீஸ்காரர் நிறுத்தினால் கெஞ்சிப் பார்க்கலாம். கேமராவிடம் அது நடக்காது. ரேடார் கருவி வேகத்தை அளக்கிறது. கேமரா நம்பர் பிளேட்டை படம் பிடிக்கிறது. அந்த நம்பரை வைத்து ஓனரின் பெயர், செல்போன் நம்பரை கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கிறது. இ-சலான் ரெடி.

சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து போலீசார் அறிவித்த வேக வரம்பு: கார் 60 கி.மீ., இருசக்கர வாகனம் 50, லாரி, பஸ் 50, ஆட்டோ 40. குடியிருப்பு பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 தான்.

400 ஆயிரம் ஆனது

பழைய சட்டத்தில் அதிவேகத்துக்கு முதல் முறை ரூ.400 வரைதான் அபராதம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டதும் கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை என்று எகிறியது. தமிழகத்தில் உயர்த்தப்பட்ட அபராதம் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. மறுபடியும் சிக்கினால் லைசென்சுக்கே ஆபத்து.

சொந்த காரில் போகிறவருக்கு ஆயிரம் ரூபாய் பெரிய விஷயம் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுபவருக்கு அது ஒரு நாள் கூலி.

சிக்கல் எங்கே?

சலான் ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். டிரைவர் ஓட்டிய வண்டி என்றால் ஓனர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். "சீக்கிரம் போய்ச் சேரு" என்று விரட்டியது யார் என்பது கேமராவுக்கு தெரியாது. ஓட்டுபவரை வேகமாக போகச் சொன்ன முதலாளிக்கும் தண்டனை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நிரூபிப்பது கஷ்டம்.

பழைய வண்டியை விற்றுவிட்டு பெயர் மாற்றாமல் விட்டவர்கள் பாடு இன்னும் மோசம். "வண்டியை வித்தாச்சே சார்" என்று சொன்னால் எடுபடாது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு தெரிவிக்க வேண்டும். விற்ற கையோடு அதை செய்வதே பாதுகாப்பு.

கேள்வி கேட்கலாம்

கேமரா சொன்னால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த விதி, 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்று சொன்னது. நம்பர் பிளேட் தெரியும் படம், பதிவான வேகம், தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றிதழ் தேவை. கண்காணிப்பு இருப்பதாக ரோட்டில் எச்சரிக்கை போர்டும் வைக்க வேண்டும்.

இதில் குறை இருந்தால் கோர்ட்டில் முறையிடலாம். ஆனால் கோர்ட்டுக்கு போனால் அன்றைய பிழைப்பு போச்சு. இதனால்தான் நியாயம் இருப்பவர்கள் கூட பணத்தை கட்டிவிட்டு போகிறார்கள்.

கட்டாமல் விட்டால் பாக்கி வண்டி நம்பரிலேயே நிற்கும். விற்கப் போகும்போது தலைவலிதான்.

உஷார்!

சலான் என்ற பெயரில் மோசடி மெசேஜ்களும் வருகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பை டவுன்லோடு செய்தால் பேங்க் பணம் காலி. அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் வண்டி நம்பரை போட்டு பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஆர்.சி.யில் பழைய செல்போன் நம்பர் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் சலான் வந்ததே தெரியாமல் பாக்கி ஏறிக்கொண்டு போகும்.