கேளாத இசைக்குக் கைதட்டல்

தமிழனுக்கு இசை தேவையில்லை. இசை வரப்போகிறது என்ற செய்தி போதும். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு படத்தின் முதல் பாட்டு இன்ன தேதியில் வரும் என்று தெரிவிக்க ஒரு விளம்பரத் துண்டு. அந்தத் துண்டு வரும் நேரத்தைத் தெரிவிக்க ஒரு சுவரொட்டி. அதற்கும் முந்தி, ஏதோ ஒன்று அறிவிக்கப்பட இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு. 'ராக்ஸ்டார்' என்ற சொல்லுக்கு இங்கே ராக் இசையோடு எந்த ஒட்டுறவும் கிடையாது. அது அனிருத் பெயருக்கு முன்னால் திரையில் போடப்படும் பட்டம். பாட்டு வந்த பிறகு அதைப்பற்றிப் பேச ஆளில்லை. எல்லோர் கண்ணும் அடுத்த அறிவிப்பின் மேல்.

இது சந்தையின் காரியம், நமக்கென்ன என்று சிறுபத்திரிகைக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்க முடியாது. காத்திருப்பதையே ரசனை என்று எண்ணும் இந்த நோய் சந்தைக்கு வெளியேயும் இருக்கிறது. அங்கே அது இன்னும் கௌரவமான வேஷத்தில் இருக்கிறது. இளையராஜாவின் சிம்பொனி விஷயத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருவதைப் பார்த்தால் போதும்.

1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜா எழுதிய சிம்பொனி ஒன்றை வாசித்து ஒலிப்பதிவு செய்தது. ஆசியாவிலிருந்து இதைச் செய்த முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. பாராட்டு விழாக்கள், கவிதைகள், தலையங்கங்கள். எல்லாம் வந்தன, இசை ஒன்றைத் தவிர. அந்த ஒலிப்பதிவு இசைத்தட்டாகவோ ஒலிநாடாவாகவோ ரசிகன் கைக்கு வரவில்லை. கால் நூற்றாண்டு கடந்தும் வரவில்லை. ஆனால் அது நமது பெருமைகளின் பட்டியலில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிப் பையனுக்குக்கூட அது தெரியும். தஞ்சைக் கோபுரத்தைப் பார்க்காதவனும் அதன் நிழல் தரையில் விழாது என்று சொல்வானே, அந்த மாதிரி.

2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' அரங்கேறியது. புறப்படும் முன் முதலமைச்சர் வீடு தேடிச் சென்று வாழ்த்தினார். திரும்பி வந்ததும் அரசு வரவேற்பு. செப்டம்பரில் அரசே பாராட்டு விழா எடுத்தது. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குரலில் மகிழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் இவர்கள் ஒரே குரலில் பேசினால், பேசப்படும் பொருளில் கருத்து எதுவும் மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆரவாரத்தில் ஒரு எண் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. 'வேலியன்ட்' சிம்பொனி எண் 1 என்று குறிக்கப்பட்டிருந்தது. எண் 1! அப்படியானால் 1993-இல் நாம் கொண்டாடியது என்ன? இளையராஜா அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டாரா? தம் பயிற்சிக் காலத்துக் காரியமாக நினைக்கிறாரா? ஒரு கலைஞன் தன் படைப்பின் எண்ணை மாற்றுவது அவனே எழுதும் விமர்சனம். அதைப் படிக்கத் தெரிந்த ரசிகன் திடுக்கிட்டிருப்பான். நம்மவர்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள். கேட்காத ஒன்றுக்கு ஒரு முறை. அதை மறந்துவிட்டு, அடுத்ததற்கு மறுமுறை.

நான் குடியிருக்கும் கோவளத்தில் ஃபைபர் படகில் கடலுக்குப் போகும் இளைஞன் ஒருவன் எனக்குப் பழக்கம். அந்த மார்ச் மாதத்தில் அவன் முகமெல்லாம் பூரிப்பாக இருந்தான்.

"சிம்பொனி கேட்டியா?" என்றேன்.

"எங்க சார் கேக்கறது? துண்டு துண்டா வீடியோ வந்துச்சு. ஆனா நம்ம ஆளு லண்டன்லயே காட்டிட்டாரு சார்."

"என்ன காட்டினார்?"

சிரித்துவிட்டான். அதே இளைஞனிடம் 'மூடுபனி' (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடும் கிதார் பாட்டைப்பற்றிப் பேச்செடுத்தேன். "கீழ பேஸ் கிதார் தனியா ஒரு பாட்டு பாடிக்கினே போவும் சார். அத மட்டும் புடிச்சிக்கினு கேட்டா வேற பாட்டு" என்றான். இது எந்த மேடைப் பேச்சிலும் கிடைக்காத வாக்கியம். ஒரு மெட்டுக்கு அடியில் அதற்கு எதிராகவும் இசைவாகவும் இன்னொரு மெட்டு ஓடுவதை, அதற்கொரு பெயர் இருப்பது தெரியாமலே, இவன் காது பிரித்துவிடுகிறது. மாதாகோவில் திருவிழாவிலும் தர்கா கந்தூரியிலும் கல்யாணப் பந்தலிலும் ஒலிபெருக்கி கற்றுக்கொடுத்த காது. அப்படிப்பட்ட காது உள்ளவன் சிம்பொனி என்றதும் காதைக் கழற்றி வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துகிறான். காதால் அறிந்தது அறிவுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

காத்திருப்பு எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. கோவளம் இன்று சர்ஃபிங்குக்குப் பேர்போன ஊர். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் ஊர்ப் பையன்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 2013-இல் அலையும் இசையும் சேர்ந்த விழா ஒன்றும் இங்கே தொடங்கியது. அந்த அலை விளையாட்டைப் பாடியே புகழ்பெற்ற அமெரிக்க ராக் குழு பீச் பாய்ஸ். அதன் இசையமைப்பாளர் பிரையன் வில்சன் 1966-இல் 'ஸ்மைல்' என்ற இசைத்தட்டை ஆரம்பித்தார். கம்பெனி அட்டைகளை லட்சக்கணக்கில் அச்சடித்து வைத்தது. 1967-இல் வில்சன் அதைக் கைவிட்டார். தட்டு வரவில்லை.

அந்த ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் காத்திருந்தார்கள், 37 ஆண்டுகள். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. வில்சன் பாட்டுகளை முழுதாகப் பதிவுசெய்யாமல் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பதிவுசெய்தவர். அவற்றில் சில பிற தட்டுகளில் வந்தன; சில திருட்டு நாடாக்களாகக் கசிந்தன. ரசிகர்கள் அவற்றை ஒட்டி, வெட்டி, வரிசை மாற்றி, இந்தப் பகுதி இதற்குப் பின் வந்தால்தான் பொருந்தும் என்று சண்டை போட்டார்கள். புத்தகம் போட்டார்கள். இது தோல்வி, புகழத் தேவையில்லை என்றும் சிலர் எழுதினார்கள். 2004-இல் வில்சன் அதை முடித்து, அவரும் லண்டனில்தான், அரங்கேற்றியபோது எதை எதிர்பார்க்கிறோம் என்று தெரிந்த ஒரு கூட்டம் எதிரே உட்கார்ந்திருந்தது. பழைய ஒலிப்பதிவுகளே 2011-இல் வெளிவந்ததும், 2004-ஐ 1967-ஓடு ஒப்பிட்டு எடைபோட்டார்கள். 2025 ஜூனில் வில்சன் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற ரசிகன் பாதி விமர்சகன். ஜனரஞ்சக ராக் இசைக்குக் கிடைத்த இந்த மரியாதை நம் சிம்பொனிக்குக் கிடைக்கவில்லை.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது: வெளியிடுவதும் விடுவதும் படைப்பாளியின் உரிமை. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஃபின்லாந்தின் சிபேலியஸ் 1924-இல் ஏழாவது சிம்பொனியை முடித்தார். எட்டாவதுக்கு உலகமே காத்திருந்தது. அவர் அதை நெருப்பில் போட்டார். 1957-இல் இறக்கும்வரை தரவில்லை. கைப்பிரதிகளில் தேறிய மூன்று சிறு துணுக்குகளை 2011-இல் ஹெல்சிங்கியில் வாசித்துப் பார்த்தார்கள்; மூன்று நிமிஷம்கூட இல்லை. ஆனால் எட்டாவது சிம்பொனி மகத்தானது என்று யாரும் பட்டயம் எழுதிக் கொடுக்கவில்லை. மௌனம் காக்கப் படைப்பாளிக்கு உரிமை உண்டு. அந்த மௌனத்துக்குத் தாளம் போட ரசிகனுக்கு உரிமை கிடையாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பண்ணைப்புரத்தில் சேரியில் பிறந்த ஒருவர், சபாக்களும் சாஸ்திரிகளும் கதவைச் சாத்திய சமூகத்திலிருந்து வந்து, லண்டன் வாத்தியக்காரர்கள் முன் தம் கைப்பட எழுதிய ஸ்வரங்களை வைக்கிறார். அதைக் கேட்காமலே ஒரு ஜனக்கூட்டம் நிமிர்ந்து நின்றால் என்ன தப்பு? அந்த நிமிர்வில் ஒரு தப்பும் இல்லை. ஏளனம் செய்பவன் முதலில் தன் முதுகைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பெருமை ஒரு நாள் போதும். மறுநாள் படைப்பைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு கலைஞனைச் சமமாக நடத்துவது என்றால் அவன் செய்ததைத் தொட்டு, புரட்டி, இது நிற்கிறது இது நிற்கவில்லை என்று சொல்வது. பாக்குக்கும் மோசார்ட்டுக்கும் அதைச் செய்கிறோம். இவருக்கு மட்டும் மாலை. எட்ட நின்று போடும் மாலை. படைப்பைத் தொடாமலே வணங்கி அனுப்புவதும் ஒரு வகைத் தீண்டாமைதான். பழையதைவிட வாசனையான தீண்டாமை.

இதற்கு யார் பொறுப்பு? கோவளத்துப் படகுக்காரன் இல்லை. சிறுபத்திரிகை. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' ஆரம்பித்துத் தமிழ் வாசகனுக்கு அலசல் விமர்சனம் என்றால் என்ன என்று காட்டினார். கவிதை நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தச் சொல் எந்த இடத்தில் என்ன செய்கிறது, காட்டு என்றார். கர்நாடக சங்கீதத்துக்குக் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரிலும், பின்னால் சுப்புடுவும் எழுதினார்கள். அவர்கள் முடிவுகளை ஏற்காதவர்களும் மறுநாள் கச்சேரியைக் காது தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆனால் கோடிக்கணக்கான காதுகளை ஐம்பது ஆண்டுகளாக வடிவமைத்து வரும் இசையைப்பற்றி நம் பத்திரிகைகளுக்கு இரண்டே பாவனைகள் தெரியும். ஒன்று, சினிமா என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வது. மற்றது, நடு இரவில் கேட்டு அழுதேன் என்று எழுதுவது. 1998-இல் பிரேம்-ரமேஷ் எழுதிய 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' போன்ற முயற்சிகள் தனித்தே நின்றன. மறுக்கவாவது நாலு பேர் எழுதியிருக்க வேண்டாமா?

கையில் இருப்பதைப் பேசுவோம். 1986-இல் 'ஹௌ டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. எந்த மர்மமும் இல்லை, கடையில் கிடைத்தது. அதில் ஒரு ஃபியூக் இருக்கிறது. ஃபியூக்கில் ஒரு குரல் சிறு வாசகம் ஒன்றைத் தொடங்கும், இன்னொன்று அதையே வேறு ஸ்தாயியில் எடுத்துக்கொண்டு துரத்தும், பிறகு மூன்றாவது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டுமென்றால் ஸ்வரங்கள் அசையாமல் நிற்க வேண்டும். நம் ராகமோ கமகத்தில் உயிர்வாழ்வது, ஸ்வரத்தை அசைத்தால்தான் ராகம். இந்த முரணை இளையராஜா எப்படித் தீர்க்கிறார்? என் காதுக்கு, அவர் தீர்க்கவில்லை, பங்கிடுகிறார். வி.எஸ். நரசிம்மனின் தனி வயலினுக்குக் கமகம். சுற்றியுள்ள வாத்தியக் கூட்டத்துக்கு பாக். இருவரும் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் குடியிருக்கிறார்கள். சில நிமிஷங்களில் மட்டும் கதவு திறக்கிறது. அந்த நிமிஷங்கள்தான் தட்டின் சாதனை. இது தவறான தீர்ப்பாக இருக்கலாம். யாராவது தட்டைப் போட்டுக் காட்டி என்னை மறுக்கட்டும். மறுப்பு வந்தால் அந்த அளவுக்காவது இசை கேட்கப்பட்டிருக்கும்.

இந்தக் கேள்வியிலிருந்துதான் சிம்பொனிக்கான எதிர்பார்ப்பு பிறந்திருக்க வேண்டும். இளையராஜா குறுகிய வடிவத்தின் மேதை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கிடைக்கும் அரை நிமிஷத்தில் மற்றவர்கள் வாத்தியத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். இவர் அதில் ஒரு கதை சொல்லி முடிப்பார். 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் பழகிய கை அது. சிம்பொனி கேட்பது வேறு சக்தி. ஒரு கருத்தை உடனே மலரவிடாமல் இழுத்துப் பிடித்து, எதிர்க்கருத்தோடு மோதவிட்டு, நீண்ட நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும் பொறுமை. அரை நிமிஷங்களின் அரசன் முக்கால் மணி நேரத்தை ஆள முடியுமா? அரை நிமிஷங்களைக் கோத்த மாலையாக அது சரிந்துவிடுமா? இல்லை, சிம்பொனி என்ற வடிவத்தையே அவர் வேறொன்றாக மாற்றிவிடுவாரா? இந்தப் பயத்தோடும் ஆசையோடும் அரங்குக்குப் போகிறவன்தான் ரசிகன். மற்றவன் தேர் பார்க்க வந்தவன்.

எதிர்பார்ப்பு என்பது கேள்வி. கேள்வி இல்லாதவன் எதற்கும் காத்திருப்பதில்லை, வரிசையில் நிற்கிறான், அவ்வளவுதான். அடுத்த அறிவிப்பு வரும், அடுத்த எண்ணும் வரும். அதற்குள் நம் பத்திரிகைகளில் எவராவது ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அந்த பேஸ் கிதார் என்ன செய்கிறது என்று பத்துப் பக்கம் எழுதட்டும். படகுக்காரனுக்குத் தெரிந்தது படித்தவனுக்கும் தெரியும் என்றாவது நிரூபணமாகும்.