படத்தில் அழுதவருக்கு முதலில் காட்டுவோம்

சென்ற பருவத்தில் ஒரு பாடத்துக்காக நானும் மூன்று நண்பர்களும் பத்து நிமிட ஆவணப்படம் எடுத்தோம். புதுக்கோட்டையிலிருந்து வந்து இங்குக் கட்டுமான வேலை செய்யும் ஓர் அண்ணனைப் பற்றிய படம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பேசிக்கொண்டிருந்தபோது, தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாததைச் சொல்லி அவர் அழுதுவிட்டார். நண்பர் உடனே கேமராவை அவர் முகத்துக்கு அருகே கொண்டுபோனார். நான் தடுக்கவில்லை. நல்ல காட்சி கிடைத்துவிட்டது என்றே எனக்கும் தோன்றியது.

படப்பிடிப்பு முடிந்ததும் அவர் கேட்டார்: “தம்பி, இதை ஊர்ல எங்க அம்மா பார்ப்பாங்களா? நான் நல்லா இருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

ஒப்புதல் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தோம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

துன்பத்தைப் படமெடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2020இல் கொவிட்-19 ஊழியர் தங்கும் விடுதிகளில் பரவியபோதுதான், அங்குள்ள அறைகளை நம்மில் பலர் முதன்முறையாகப் படங்களில் பார்த்தோம். மறைந்திருப்பதைக் காட்ட கேமரா வேண்டும். ஆனால், ஒருவரின் வாழ்க்கையில் எதைக் காட்டுவது என்ற முடிவில் அவருக்கும் பங்கு வேண்டும்.

நல்ல நோக்கத்துடன் எடுக்கும் படத்திலும் இந்தச் சிக்கல் எழும். உத்தரப் பிரதேசத்தின் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தின் தலித் பெண் செய்தியாளர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம், 2022இல் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. விருது விழாவுக்குச் சில நாள்களுக்குமுன் அந்நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் உணர்ச்சிபூர்வமானது என்று பாராட்டிய அது, ஒரே கட்சியைப் பற்றி எழுதுவதிலேயே தாங்கள் கவனம் செலுத்துவதுபோல் படம் காட்டுவது சரியல்ல என்றது. அதற்குள் படம் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

வேறு வழியும் உண்டு. ஜான் ரூஷும் எட்கர் மோரானும் பாரிஸ் மக்களைப் பற்றி எடுத்து 1961இல் வெளியிட்ட படத்தில், பேசியவர்களுக்கே காட்சிகளைத் திரையிட்டுக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன குறைகளும் படத்தில் இடம்பெற்றன.

‘எல்லாருக்கும் இப்படிக் காட்டினால் முறைகேடுகளை எப்படி அம்பலப்படுத்துவது?’ என்று கேட்கலாம். சம்பளம் தராத முதலாளிக்கு இந்தச் சலுகை தேவையில்லை. சம்பளம் கிடைக்காத ஊழியருக்குத் தேவை. படம் வெளியான பிறகு பாதிக்கப்படக்கூடியவர் அவர்தான்.

அடுத்த ஞாயிறு, தொகுத்த படத்தை அண்ணனிடம் காட்டினோம். “அழுததை எடுத்துடுங்க. அப்பாவைப் பத்திச் சொன்னது இருக்கட்டும்,” என்றார். அப்படியே செய்தோம். படத்தில் உணர்ச்சி குறைவு என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால், அந்தப் படத்தை அவர் தம் அம்மாவுக்கு அனுப்பினார்.

பள்ளித் திட்டப்பணிக்கோ சமூக ஊடகத்துக்கோ இப்படிக் காணொளி எடுக்கும் இளையர்களே, பதிவேற்றும் முன் அதில் இருப்பவரிடம் அவர் மொழியிலேயே விளக்கிக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள்.